சோத்துக் கையும் டத்தோ டாக்டரும்

போன வாரம் எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். வார்டுல யார் யாரு கை கழுவிட்டு நோயாளியைத் தொடுறாங்கன்னு பாத்துட்டு வரணும்.

ஜொகூர் பாருல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில நான் நர்ஸ். தொற்று பரவாம பாத்துக்குற பிரிவு. அதாவது, படிச்ச பெரிய மனுஷங்களைப் பாத்து "கை கழுவுனீங்களா?"ன்னு கேக்குறதுக்குச் சம்பளம் வாங்குற ஆளு. என் மகளோட பாலர் பள்ளி டீச்சரும் இதே வேலைதான் பாக்குறாங்க. அங்க பிள்ளைங்க சொன்னா கேக்குதுங்க.

முதல் நாள் யூனிஃபார்மோட போய் நின்னேன். அடேயப்பா! என்னைப் பாத்ததும் ஒவ்வொருத்தரும் கையைத் தேய்க்கிறாங்க பாருங்க! விரல் இடுக்கு, நகக்கண்ணு, மணிக்கட்டு... கல்யாணப் பொண்ணுக்கு மருதாணி வைக்கிறவங்க கூட இவ்வளவு கவனமா வைக்க மாட்டாங்க.

"எல்லாரும் நல்லாத்தான் கழுவுறாங்க சிஸ்டர்"னு என் மேலதிகாரி சிஸ்டர் மேரிகிட்ட போய்ச் சொன்னேன். மடச்சி!

"அப்ப அந்த ஜன்னலோரக் கட்டில் ஆண்ட்டிக்கு ஏன் திரும்பத் திரும்பப் புண்ணு சீழ் பிடிக்குது?"

அந்த ஆண்ட்டி சிகாமட்காரங்க. சக்கரை வியாதி, கால்ல ஆபரேஷன். இன்னொரு தடவை தொற்று ஏறுச்சுன்னா காலையே எடுக்க வேண்டியதுதான்னு சொல்லியாச்சு.

"நாளைக்கு சாதாரண உடுப்புல போ. அவங்க சொந்தக்காரி மாதிரி உக்காரு. யாருக்கும் தெரியக்கூடாது லா"ன்னாங்க சிஸ்டர்.

மறுநாள் பஞ்சாபி சூட், மூஞ்சி மறைக்க மாஸ்க். பெரிய துப்பறியும் சிங்கம்னு எனக்கே ஒரு நெனப்பு!

ஆண்ட்டி காதுல விஷயத்தைச் சொன்னதும் அவங்களுக்கு ஒரே குஷி. பக்கத்துக் கட்டிலைப் பாத்து சத்தமா, "இது என் தங்கச்சி மக! உலு திராம்ல இருக்கா. பாவம், புருஷன் சரியில்ல"ன்னாங்க.

"ஆண்ட்டி, என் புருஷன் நல்லாத்தான் இருக்காரு!"

"சும்மா இரு. அப்பதான் நம்புவாங்க."

அதோட விட்டாங்களா? ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாங்க. நாசி லெமாக்! தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, செக்கச்செவேல்னு மிளகாய்ச் சம்பால். மக வாங்கிட்டு வந்ததாம். "எனக்குத்தான் இதெல்லாம் தொடக்கூடாதுன்னுட்டாங்க. நீ சாப்பிடு. சொந்தக்காரிங்கிற, ஒரு வாய் சாப்பிடலன்னா எவ நம்புவா?"

வேவு பாக்க வந்தவ வேணாம்னு சொல்லியிருக்கணும். நான்தான் வாழையிலை வாசனைக்கே விழுற ஜென்மமாச்சே. கையைக் கழுவிட்டு, திரையை இழுத்துவிட்டு, சம்பாலைப் பிசைஞ்சு ஒரு பிடி பிடிச்சேன்.

அந்த நேரம் பாத்து வந்தாரு டத்தோ. சுல்தான்கிட்ட அந்தப் பட்டம் வாங்கின பெரிய சர்ஜன். பின்னாடி டாக்டர், நர்ஸுன்னு ஒரு ஊர்வலம். சர்ருன்னு திரையைத் தொறந்தாங்க. இடது கையால மாஸ்க்கை ஏத்தி விட்டுக்கிட்டேன்.

பக்கத்துக் கட்டில் நோயாளி வயித்தை அமுக்கிப் பாத்த கையோட நேரா இங்கதான் வர்றாரு. கால்மாட்டுல சானிடைசர் பாட்டில் தொங்குது. பாத்தாரு. கண்டுக்கல. நடுவுல காதை வேற சொறிஞ்சுக்கிட்டாரு!

ஊர்வலத்துல ஒருத்தராவது வாயைத் தொறக்கணுமே! நேத்து எனக்கு முன்னாடி மருதாணி வச்சவங்கதான் எல்லாரும். டத்தோன்னதும் வாயில கொழுக்கட்டை.

நான் பேசாம பாத்து வச்சுக்கிட்டா போதும், அதுதான் என் வேலை. ஆனா அவரு கை ஆண்ட்டியோட கட்டுகிட்ட போகுது.

"டாக்டர், கை!"ன்னு கத்திக்கிட்டே பாஞ்சு அவரு கையைக் கெட்டியா பிடிச்சுட்டேன்.

சோத்துக் கையால.

அலமாக்! வெள்ளைக் கோட்டுல சிவப்பா என் விரல் அச்சு. அவரு உள்ளங்கை பூரா சம்பால். ஒரு நெத்திலி வழுக்கிப் போய் அவரு கைக்கடிகாரத்து மேல உக்காந்துச்சு.

"யாரு இந்தம்மா?"ன்னு கேட்டாரு டத்தோ.

"என் தங்கச்சி மக டாக்டர்"ன்னாங்க ஆண்ட்டி. "புருஷன் சரியில்ல."

மாஸ்க்கை இறக்கினேன். "தொற்றுத் தடுப்பு நர்ஸ், டாக்டர்."

முறைச்சுக்கிட்டே சானிடைசருக்குக் கையை நீட்டினாரு. என் வாய் சும்மா இருக்குமா? "கண்ணுக்குத் தெரியுற அழுக்குக்கு அது பத்தாது டாக்டர். சோப்பு போட்டுக் கழுவணும்."

டத்தோ இந்தப் பக்கம் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு. அப்புறம் மெதுவா, "சிங்க் எங்க இருக்கு?"ன்னு கேட்டாரு.

எத்தனை வருஷமா இந்த வார்டுக்கு வந்து போறாரு மனுஷன்!

இன்னைக்குக் காலையில சிஸ்டர் மேரி கூப்பிட்டு அனுப்புனாங்க. வேலை போச்சுன்னுதான் நெனச்சுப் போனேன். அவங்க என்னடான்னா சிரிக்கிறாங்க.

"டத்தோ இப்ப வார்டுக்குள்ள வந்ததும் முதல்ல சிங்க்குக்குத்தான் போறாராம். ஆண்ட்டி புண்ணும் காய ஆரம்பிச்சிருச்சு, கால் தப்பிச்சது. நாங்க போஸ்டர் ஒட்டினோம், மீட்டிங் போட்டோம், ஒண்ணும் நடக்கல. நீ என்னதான் போட்ட?"

"சம்பால், சிஸ்டர்."