வள்ளிமலையில் ரிஜெக்ட் பாய்

எங்கள் ஆம்பூரில் ரிஜெக்ட் பாய் குறை சொல்லாத பொருள் ஒன்றுகூடக் கிடையாது. சூரியனே அவருக்கு ஒரு பக்கம் வெளுப்புதான். தோல் கம்பெனியில் காலமெல்லாம் தரம் பார்த்தவர். கட்டைவிரலால் தடவுவார், மடக்குவார், இழுப்பார், "ரிஜெக்ட்!" என்று ஓரமாக வீசுவார். வேலையிலிருந்து நின்றபிறகும் அந்த விரல் ஓயவில்லை. காலையில் டீக்கடையில் என் சட்டைக் காலரைத் தடவி, "ரிஜெக்ட்." டீயை ஒரு வாய் உறிஞ்சி, "இதுவும் ரிஜெக்ட்." அப்புறம் இன்னொரு டீ சொல்லுவார்.

மகளுக்கு வந்த மாப்பிள்ளைகளையும் இப்படியே தள்ளினார். கடைசியில் மாதனூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பையனை நான்தான் கொண்டுவந்தேன். பெண்ணுக்குப் பிடித்துவிட்டது.

"பெரியப்பா, இவரையும் தள்ளினா எனக்குக் கல்யாணமே வேணாம். சொல்ட்டேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டாள்.

பாய் யோசித்தார். "மலை ஏத்திப் பாக்கலாம் தோஸ்த். இழுத்துப் பாத்தாதானே தோலு தெரியும்!"

பையனுக்கு அரை நாள் லீவு. விடியும்போதே வண்டி வள்ளிமலைக்குக் கிளம்பியது. எனக்கு ஒரே குஷி. மீசை முளைக்காத வயதில் அங்கே போனபோது ஒரு குரங்கு என் புதுத் துண்டைப் பிடுங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டது. என்னைவிட அதற்குத்தான் எடுப்பாக இருந்தது. அது கிடக்கட்டும்.

படியேறும்போது பையனுக்கு மூச்சு வாங்கியது. "இழுவை கம்மி" என்றார் பாய். குரங்கைப் பார்த்ததும் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். "ரிஜெக்ட்" என்று முணுமுணுத்தார்.

பாறையைக் குடைந்த கோயிலைப் பார்த்துவிட்டுச் சமணர் குகைக்குப் போனோம். சிற்பங்களுக்கு முன்னால் பாயின் கட்டைவிரல் தொடாமல் காற்றிலேயே தடவியது. "மூக்கு லேசா தேஞ்சிருக்கு. இருந்தாலும் எக்ஸ்போர்ட் குவாலிட்டி!"

உச்சிப் பாறைக்கு ஏறினோம். கீழே வயலும் ஏரியும் தென்னையும் விரிந்து கிடந்தன. "யப்பா, இன்னா அழகு!" என்று கத்திவிட்டுத் திரும்பினேன். பாய் பாறையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"யோவ், கீழ ஒண்ணுமே இல்லியேய்யா!" என்று அலறினார்.

பையன் தவழ்ந்து அவரிடம் போனான். "மாமா, எனக்கும் காலு நடுங்குது. நிக்கவே வேணாம். உக்காந்துக்கினே எறங்கிடலாம்."

இருவரும் கைகோத்துக்கொண்டு பின்பக்கத்தாலேயே நகர்ந்து நகர்ந்து இறங்கினார்கள். கீழே வந்து பார்த்தால் பாயின் லுங்கியும் பையனின் பேண்டும் பின்னால் கிழிந்து தொங்கின.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அவர் மகள். "பெரியப்பா, இன்னா ஆச்சு?"

பாய் போனைப் பிடுங்கினார். "பின்னாடி பெரிய டேமேஜும்மா."

"அய்யோ, யாருக்கு?" என்று அந்தப் பக்கம் கத்தினாள்.

"எனக்கும்தான், மாப்ளைக்கும்தான். ஆனா பையன் பயத்த பெயிண்ட் அடிச்சு மறைக்கல. காயத்த காட்டுற தோலு. பாஸ்!"

பாஸா! அந்த வாயிலிருந்தா! வலிக்கிற முட்டியோடு அங்கேயே ஒரு குத்தாட்டம் போட்டேன்.

அந்த மாப்பிள்ளை இப்போது சென்னைக் கம்பெனிக்கு மாறிவிட்டான். மாமனாரையும் விடாமல் கூடவே கூட்டிப் போய்விட்டான். என் காலரைத் தடவ ஆளில்லை. டீ எப்படி என்று கடைக்காரர் கேட்டால் நல்லாத்தான் இருக்கு என்கிறேன். குடிக்கத்தான் பிடிக்கவில்லை.