கம்ப்யூட்டருக்கு நான் சொன்ன பதில்

ஒருவர்மேல் பழி போடுவதற்குப் படிப்பு தேவையில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனால் பழி போடுகிற வேலையை மட்டும் பட்டம் வாங்கியவள் மாதிரி நேர்த்தியாகச் செய்திருக்கிறேன். எப்படிச் செய்தேன் என்று நிதானமாகச் சொல்கிறேன். அவசரமாகச் சொன்னால் எனக்கே என்மேல் கோபம் வந்துவிடும்.

எங்கள் வீடு பூஞ்சேரியில், மாமல்லபுரத்துக்குத் திரும்புகிற கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில். என் வீட்டுக்காரரும் அவர் தம்பி ஏழுமலையும் சேர்ந்து டூரிஸ்ட் வேன் ஓட்டினார்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஏழுமலையின் பெண்சாதி மல்லிகா எனக்கு ஓரகத்தி. பத்தாவது வரை படித்தவள். (அதை அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. காட்டியிருந்தால் சண்டைக்கு எனக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.) அவர்கள் பிள்ளை தினேஷ், பொத்தேரிப் பக்கம் இன்ஜினியரிங் கடைசி வருஷம். எனக்கு ஒரே மகள் கவிதா. கல்யாணமாகி சிங்கப்பூர் போய்விட்டாள்.

கம்ப்யூட்டர் எல்லோருக்கும் பொது. கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், மல்லிகா தைத்த பூப்போட்ட உறை போட்டு உட்கார்ந்திருக்கும். பகலில் ஏழுமலை அதில் வேன் சவாரிக்கு வருகிற கடிதங்களைப் பார்ப்பார். தினேஷ் படிப்பு வேலை பார்ப்பான். விளக்கு வைத்த பிறகு அது என்னுடையது. கவிதா வேலை முடித்து, சாப்பிட்டு, அந்த நேரத்துக்குத்தான் கேமரா முன்னால் வருவாள். செல்போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலம் அப்போது வரவில்லை. மகள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பெட்டியைத்தான் கும்பிட வேண்டும்.

தினேஷ்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். எந்தப் படத்தை அமுக்கினால் கவிதா வருவாள், எதை அமுக்கினால் சத்தம் வரும், எல்லாம். கவிதா கூப்பிட்டால் திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து கேள்வி கேட்கும்.

"பெரிம்மா, இந்த எழுத்து பாரு. கவட்டை மாதிரி கீதா? அது ஆமா. பக்கத்துல ரெண்டு காலுக்கு நடுவுல சாய்வா ஒரு கட்டை போட்டா மாதிரி கீதே, அது இல்ல. அவ்ளோதான்."

"அவ்ளோதானா? இதுக்காடா நாலு வருசம் படிக்கிற?" என்றேன்.

அன்றிலிருந்து எனக்குத் தலை கால் புரியவில்லை. தெருவில் வேறு எந்தப் பெண்பிள்ளை மௌஸைப் பிடித்திருக்கிறாள்? பூ விற்கிற பொம்பளை வந்தால்கூட, "சீக்கிரம் குடு, எனக்கு கம்ப்யூட்டர்ல வேலை கீது" என்பேன்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு நாள் காலையில், மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அவர்கள் பெண்ணுக்கு வரன் தள்ளிக்கொண்டே போகிறதாம். திருவிடந்தைப் பெருமாளுக்கு மாலை சாத்திவிட்டு, அப்படியே நாலு கோயில் சுற்ற வேன் வேண்டும் என்று கேட்டார்கள். பெரிய சவாரி. ஏழுமலை உற்சாகமாகி, "வண்டி எப்டி கீதுன்னு போட்டோவுலயே பாத்துடுங்க சார்" என்று கம்ப்யூட்டரைத் திறந்தார்.

வேன் வரவில்லை. ஒரு பெண் வந்தாள். வந்தவள் உடுத்திக்கொண்டு வந்திருக்கலாம்.

ஏழுமலை பதறி மூடினார். மூடியவள் இரண்டு பேராக வந்தாள். அதையும் மூடினார். கூட்டமாக வந்தார்கள். பெண்ணைப் பெற்றவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அந்த அம்மா மகளின் கண்ணைக் கையால் பொத்தினாள். என் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரைமேல் போட்டார். (துண்டுக்கு மேலே தலைகள் தெரிந்தன. அதுவே இன்னும் மோசமாக இருந்தது.) அவர்கள் பஸ்ஸிலேயே போய்விட்டார்கள்.

"யாருடா இத்த பாத்தது?" என்று கத்தினார் ஏழுமலை.

கேள்வி பொதுவாகத்தான் வந்தது. பதில் என் வாயிலிருந்துதான் போனது. "இதுல இன்னா கேள்வி? வூட்டுல வயசுப் புள்ள ஒருத்தன்தான கீறான்."

சாயங்காலம் தினேஷ் வந்ததும் விசாரணை. "நைனா, நான் எதையும் பாக்கல. இது ஸ்பைவேரு. தானா உள்ள பூந்துக்கும். நாம இன்னா பண்றோம்னு ஒளிஞ்சிகினு வேவு பாக்கும். அதுதான் இந்த மாதிரி படத்தயெல்லாம் இட்டாருது."

"தானா எப்டிடா பூரும்? கதவு தொறக்காமலா?" என்றேன் நான். என்ன அழகான கேள்வி! என் வாழ்நாளில் கேட்ட ஒரே அறிவாளித்தனமான கேள்வி அதுதான். பதில் தெரியாமல் கேட்டேன் என்பது மட்டும்தான் குறை.

ஆனால் வேவு பார்க்கிறது என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு முந்தானையைச் சரி செய்யாமல் கம்ப்யூட்டருக்குக் குறுக்கே நடந்ததில்லை.

தினேஷ் ஹாஸ்டலில் இருக்கும் சிநேகிதனிடமிருந்து ஒரு சிடி வாங்கி வந்தான். லீவு நாள் பூராவும் உட்கார்ந்து சுத்தம் செய்தான். திரையில் ஒரு பச்சைப் பட்டை நகர்ந்தது. நகர்ந்தது என்று சொல்லக்கூடாது. அது மனசு வைத்தபோது அசைந்தது. சோறு வடித்தேன், துணி துவைத்தேன், மீன்காரியிடம் சண்டை போட்டேன், பட்டை பாதியில்தான் நின்றது. கடைசியில் தினேஷ் எழுந்து சோம்பல் முறித்தான். "கிளீன் ஆயிடுச்சி."

நிஜமாகவே சுத்தமாகிவிட்டது. திரையின் மேல்பக்கம் அடுக்கடுக்காகக் கிடந்த பட்டைகள் போயின. ஒரு பூனைக்குட்டியும் போனது. அது திரையில் தானாக வந்து நடக்கும், கொட்டாவி விடும், மூலையில் படுத்துத் தூங்கும். கவிதா வரத் தாமதமாகிற நாட்களில் எனக்கு அதுதான் துணை. "அத்த ஏண்டா எடுத்த? அது இன்னா பாவம் பண்ணிச்சி?" என்று கேட்டேன்.

"பெரிம்மா, அதுதான் பெரிய திருடன்" என்றான்.

எனக்கு நம்பிக்கையில்லை. பூனை திருடும், பாலைத் திருடும். இது யார் வீட்டுப் பாலைக் குடித்தது?

அந்த வாரமே பூனை திரும்பி வந்தது. எனக்குச் சந்தோஷம். பின்னாலேயே அந்தப் பெண்களும் வந்தார்கள். மறுபடியும் தினேஷ் சுத்தம் செய்தான். மறுபடியும் வந்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தேகம் முற்றியது. "அவனே தொடைக்கிறான், அவனே பாக்கறான்" என்று நான்தான் விளக்கம் கொடுத்தேன். வீட்டோடு நிறுத்தியிருக்கலாம். பூக்காரியிடம் சொன்னேன். ரேஷன் கடை வரிசையில் சொன்னேன். திருவிடந்தையில் இருக்கிற நாத்தனார் வீட்டுக்கு நல்லது கெட்டது கேட்கப் போனபோது, காபியை ஆற்றிக்கொண்டே சொன்னேன். குடும்பத்து மேலுள்ள அக்கறையில்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன். அக்கறையோடு சொன்னால் புறம்பேச்சுக்கு எவ்வளவு ருசி வந்துவிடுகிறது!

தினேஷ் காலை நாஸ்தாவைத் தொடாமல் காலேஜுக்குக் கிளம்ப ஆரம்பித்தான். மல்லிகா சமையல்கட்டில் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். பாத்திரம் வைக்கிற சத்தத்தில் மட்டும் பேசினாள்.

ஒரு நாள் ஏழுமலை தீர்ப்பு சொல்லிவிட்டார். "இன்னொரு வாட்டி அந்தக் கருமம் வரட்டும். படிப்பும் வாணாம், ஒரு மயிரும் வாணாம். வண்டில கிளீனரா ஏறு. மானத்தோட பொழச்சா போதும்."

கடைசி வருஷம். இன்னும் கொஞ்ச நாளில் பரீட்சை. பிள்ளை அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"பெரிம்மா, கேக்கறேன்னு தப்பா நெனச்சிக்காத. நீ எதனா அமுக்கினியா?"

"நானா? கவிதா மூஞ்சத் தவிர அதுல எனக்கு இன்னாடா வேலை? ஒண்ணையும் நான் தொடறதில்ல."

பொய் சொல்லவில்லை. கோயிலில் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். நானாக எதையும் தொட்டவள் இல்லை.

தினேஷ் மூன்றாவது முறையும் சுத்தம் செய்தான். செய்துவிட்டு எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டான். "இப்ப ஒண்ணும் கிடையாது, பாத்துக்கோங்க. இனிமே நான் கிட்ட வர மாட்டேன். வந்துச்சின்னா எப்டி வருதுன்னு நீங்களே பாருங்க" என்றான். குரல் உடைந்திருந்தது. மல்லிகா வாசற்படியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

எனக்கு அவன் பேசியது திமிராகப் பட்டது. விளக்கு வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். "எல்லாரும் நில்லுங்க. கம்ப்யூட்டர ஒழுக்கமா எப்டி பாக்கறதுன்னு நான் காட்டறேன். டேய், நீயும் கத்துக்க."

கவிதா திரையில் வந்தாள். "இன்னாம்மா, கல்யாண கூட்டம் மாதிரி எல்லாரும் நிக்கறீங்க?" என்று சிரித்தாள். நான் கம்பீரமாக மௌஸைப் பிடித்தேன். அப்போது நடுவில் ஒரு பெட்டி வந்தது. வழக்கமாக வருவதுதான். ஏதோ கேட்டது. நான் நெற்றியில் கை வைத்து ஒரு கும்பிடு போட்டு, கவட்டை எழுத்தைத் தேடி அமுக்கினேன்.

"பெரிம்மா!" தினேஷ் அலறிவிட்டான். "இன்னா பண்ண நீ?"

"கேட்டுது. ஆமான்னேன்."

"இன்னா கேட்டுதுன்னு தெரியுமா?"

"எனக்கு எப்டிடா தெரியும், இங்லீசுல கேட்டா?"

"தெரியாம ஏன் ஆமான்ற? இல்லன்னு அமுக்க வேண்டியதுதான?"

அவன் பக்கம் திரும்பினேன். "விளக்கு வெச்ச நேரத்துல, லட்சுமி வர்ற நேரத்துல, வூட்டு வாசல்ல வந்து ஒருத்தங்க கேட்டா, இல்லன்னா சொல்லுவா ஒரு குடும்பப் பொம்பள? அரிசி தீந்துபோனாக்கூட நெறஞ்சி கீதுன்னு சொல்ற வூடுடா இது!"

"அப்ப டெய்லி...?"

"டெய்லிதான் வருது. ஒரு நாளைக்கு நாலஞ்சி வாட்டி. வர்ற எல்லாருக்கும் ஆமான்னு சொல்லித்தான் அனுப்பறேன். கேட்டதுக்குப் பதில் சொல்றது தொடறது ஆகுமாடா?"

நான் சொல்லி முடிப்பதற்குள் மூலையில் பூனைக்குட்டி வந்து கொட்டாவி விட்டது. அதன் தலைக்குமேல் ஒருத்தி வந்து கண்ணடித்தாள். சிங்கப்பூரில் கவிதா சிரித்த சிரிப்பில் படம் உறைந்துபோனது. வாய் திறந்தபடியே நின்றது. என் வீட்டுக்காரர் துண்டை எடுத்தார். இந்தத் தடவை திரைமேல் போடவில்லை, தன் முகத்தில் போட்டுக்கொண்டு குலுங்கினார். ஏழுமலை, "அண்ணி, நீயா?" என்றார். கத்தக்கூட அவருக்குத் தெம்பு இல்லை.

மல்லிகா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து எனக்கு எதிரில் நின்றாள். அத்தனை வருஷத்தில் அவள் என்னை எதிர்த்துப் பேசியது அன்று ஒரு நாள்தான். சத்தமே போடவில்லை.

"ஏங்க்கா, ஊர் பேர் தெரியாத பெட்டிக்கு இல்லன்னு சொல்ல உனக்கு வாய் வர்ல. எம் புள்ளையப் பத்தி மட்டும் இல்லாததெல்லாம் சொல்றதுக்கு எப்டிக்கா வந்துச்சி?"

 மௌஸை விட்டுவிட்டு எழுந்து, நாற்காலியைத் தினேஷ் பக்கம் தள்ளினேன்.

தினேஷ் நான்காவது முறை சுத்தம் செய்தபோது நான் பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினேன். (கரண்ட் இருந்தது. ஆனாலும் விசிறினேன்.) வேலை முடிந்ததும் பெட்டியின் மூலையில் இருக்கிற பெருக்கல் குறியைக் காட்டினான். "பெரிம்மா, கவிதா கூப்பிடற பெட்டி இல்லன்னா ஆமாவும் வாணாம், இல்லயும் வாணாம். இத்த அமுக்கு. போய்ட்டு வாங்கன்னு சொல்றா மாதிரி." அது எனக்கு ஒத்துக்கொள்ளக்கூடிய மரியாதையாக இருந்தது. அன்று முதல் அப்படிப்பட்ட ஒவ்வொரு பெட்டியையும் "போய்ட்டு வாங்க" என்று வாயால் சொல்லித்தான் மூடினேன். பூனையையும் அப்படித்தான் அனுப்பினேன்.

கம்ப்யூட்டர் சுத்தமாகிவிட்டது. ஊரில் நான் இறைத்துவிட்டு வந்ததை எந்த சிடி போட்டுத் துடைப்பது? ஒரே வழிதான் இருந்தது. பூக்காரி வந்தாள், சொன்னேன். ரேஷன் கடை நாளுக்குக் காத்திருந்து வரிசையில் சொன்னேன். ஈசிஆர் பஸ் பிடித்துத் திருவிடந்தைக்குப் போய் நாத்தனாரிடம் சொன்னேன். "தினேஷ் மேல ஒரு தப்பும் இல்லம்மா. அந்தப் படமெல்லாம் வந்தது என்னாலதான்."

நாத்தனார் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீயா அண்ணி பாத்த? இந்த வயசுலயா?"

அந்த இடத்தில் நான் கவட்டை எழுத்தையும் பெருக்கல் குறியையும் விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே தெரிந்துவிட்டது, அவள் கேட்கவில்லை. இந்தச் செய்தியை அடுத்து யாரிடம் சொல்லலாம் என்று மனசுக்குள் வரிசை போட்டுக்கொண்டிருந்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். சில வாரங்களுக்கு முன்னால் அது என் முகம்.

தினேஷ் பரீட்சை எழுதினான், வேலைக்குப் போனான். ஆனால் அந்தப் பெயர் என்னை விட்டுப் போகவில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குள் நான் நுழைந்தாலே, "கன்னியம்மா வருது, டிவிய நல்ல சேனலுக்கு மாத்துங்கடா" என்று ஒரு குரல் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு விஷயம் தெரியாது, ஆனாலும் சிரிக்கும்.

செங்கல்பட்டில் தினேஷ் கல்யாணம் நடந்தபோது, பந்தியில் பெண்வீட்டுக் கிழவி ஒருத்தி எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்தாள். யாரோ காதில் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். வாயெல்லாம் சிரிப்பாக என்னிடம் குனிந்து கேட்டாள். "கம்ப்யூட்டர்ல படம் பாத்துகினு இருந்தீங்களாமே, அந்தப் பெரிம்மா நீங்கதானா?"

மறுத்துச் சொல்ல எனக்கு ஒரு வாய்ச் சொல் போதும். ஆனால் 'நான் பார்க்கவில்லை' என்றால் அடுத்த கேள்வி 'அப்ப யாரு பாத்தது?' என்றுதான் வரும். மணவறையில் மாப்பிள்ளை மாலையோடு உட்கார்ந்திருந்தான்.

"ஆமாம்மா, நான்தான்" என்றேன்.

பரிமாறிக்கொண்டு வந்த மல்லிகா அதைக் கேட்டாள்.  என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றிவிட்டுப் போனாள்.