கோழி மருந்தும் என் முதல் ஓட்டும்

பட்டம் வாங்கிய புதிதில் ஒருவன் கையில் மைக்கைக் கொடுக்கவே கூடாது. என் கையில் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். தவறு இரு தரப்பிலும் உண்டு.

மலேசியாவில், ஈப்போவை அடுத்த லகாட் பக்கம், ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட பழைய தோட்டத்தில்தான் எங்கள் வீடு. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் பார்த்த முதல் ஆள் நான். (அதற்கு முன் பார்த்தவர் என் சித்தப்பா. அவர் அங்கே கூரைக்குத் தகரம் அடிக்கப் போனார்.) ஊருக்குத் திரும்பியதும், தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் குடியுரிமைக் கல்வி அளித்தே தீருவது என்று முடிவெடுத்தேன். பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை.

பொதுத்தேர்தலுக்கு முதல் நாள் மதியம், தோட்டத்து மண்டபத்தில் 'இளம் குடிமக்கள் முகாம்'. முப்பது பிள்ளைகள். போட்டியிட்ட வேட்பாளர்கள் இரண்டு, இரண்டுமே காலைச் சாப்பாடு: நாசி லெமாக், ரொட்டி சானாய். வாக்குச்சீட்டு அடித்தேன், அட்டைப்பெட்டியில் துளை போட்டேன், சேலையை மறைப்பாகக் கட்டினேன். விரலில் வைக்க அழியாத மை மட்டும் கிடைக்கவில்லை.

பீடோரில் கோழிப்பண்ணையில் வேலை செய்யும் என் கூட்டாளி கோபியைக் கேட்டேன். ஒரு புட்டியோடு வந்தான். கோழிக்குப் புண் வந்தால் தடவுகிற ஊதா மருந்து.

"கலர் அப்படியே தேர்தல் மை மாதிரி இருக்குலா மச்சான்," என்றான். அதோடு பண்ணைக்குப் போய்விட்டான். அது எத்தனை நாள் போகாது என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மண்டபத்தில் பிள்ளைகளைத் தவிர ஏழு பெரியவர்கள் இருந்தார்கள். ஆறு பேர் பதினெட்டு தாண்டிய இளசுகள், மறுநாள் முதன்முதலாக ஓட்டுப் போடப்போகிறவர்கள். ஏழாவது, என் அத்தை முனியம்மா. அவருக்கு வயது அறுபத்தொன்று. அவருக்கும் அதுதான் முதல் ஓட்டு.

அத்தை இதே தோட்டத்தில் பிறந்தவர். ஆனால் பிறப்புப் பத்திரம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அதனால் ஆயுள் முழுக்கச் சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியுரிமை இல்லாதவர். எத்தனை மனு, எத்தனை வரிசை, எத்தனை 'அடுத்த மாதம் வாங்க' என்று அவருக்கே கணக்கில்லை. முந்தின வருடம்தான் குடிமக்களுக்கான நீல அட்டை கிடைத்தது. ஈப்போ பேரங்காடியில் துப்புரவு வேலையை முடித்துவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல் முகாமுக்கு வந்திருந்தார்.

"நாளைக்கு அங்க போயி தப்பா எதையாச்சும் செஞ்சா அட்டைய திருப்பிக் கேப்பாங்களோன்னு பயமா இருக்குடா. ஒருக்கா செஞ்சு பாத்துக்கிறேன்."

நான் நெகிழ்ந்துபோனேன். நெகிழ்ச்சியில் குரல் இன்னும் உயர்ந்தது. வலது ஆள்காட்டி விரலை மருந்தில் முக்கி எல்லோருக்கும் காட்டினேன்.

முன் வரிசையில் இருந்த பத்து வயது கவினா கையைத் தூக்கினாள். "அண்ணே, எங்கம்மா போட்டோல இடது கை விரல்தானே கருப்பா இருந்துச்சு?"

நான் கனிவாகச் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.) "ஓட்டு புனிதமான காரியம், கவினா. நல்ல காரியத்துக்கு நாம எந்தக் கைய நீட்டுவோம்?"

"அதானே," என்றார் அத்தை. "பீச்சாங்கைய நீட்டிக்கிட்டா போவாங்க?"

கவினா அசையவில்லை. அவளுக்கு ஒரேயடியாகப் புரியவைக்க, இடது ஆள்காட்டி விரலையும் மருந்தில் முக்கித் தூக்கிப் பிடித்தேன். "பாத்தியா? இது தப்பு. நல்லா பாத்துக்க."

முப்பது பிள்ளைகளும் ஏழு பெரியவர்களும் வலது விரலை முக்கி ஓட்டுப் போட்டார்கள். ரொட்டி சானாய் வென்றது.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது புட்டியைத் திரும்ப வாங்க கோபி வந்தான். அத்தையின் விரலைப் பார்த்தான்.

"டேய், பெரியவங்களுக்குமா வச்ச? கோழிக்கே ஒரு வாரம் போகாதுடா. நாளைக்கு இவங்கல்லாம் எப்படிலா ஓட்டுப் போடுவாங்க?"



அடுத்த மூன்று மணி நேரம், எலுமிச்சை, பற்பசை, மண்ணெண்ணெய், துணி வெளுக்கும் மருந்து எல்லாம் போட்டுப் பார்த்தோம். தோல் வெளுத்தது, ஊதா போகவில்லை. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அத்தை கையிலிருந்து பிடுங்கவேண்டியிருந்தது.

ஒரே நம்பிக்கை, கவினா சொன்னது சரியாக இருக்கவேண்டும் என்பதுதான். அப்பாவைக் கேட்டேன், வலது என்றார். அம்மா இடது என்றார். பிறகு அம்மா வலது என்றும் அப்பா இடது என்றும் மாறிக்கொண்டு சண்டையைத் தொடர்ந்தார்கள். கைப்பேசியில் தேடினால் பாதிப் படங்களில் இடது கை, பாதியில் வலது. (செல்ஃபி கண்ணாடியைப் போல மாற்றிக் காட்டும் என்பது அந்தப் பதற்றத்தில் இந்தப் பட்டதாரிக்கு உறைக்கவில்லை.)

அத்தை திட்டவே இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. "பரவால்லடா. அறுபது வருசம் இருந்துட்டேன், இன்னொரு அஞ்சு வருசம் இருக்கமாட்டேனா?" என்று சொல்லிவிட்டு, மறுநாள் உடுத்த வைத்திருந்த புதுப் புடவையை மடித்து அலமாரியில் வைத்தார்.

காலையில் அதே புடவையில் வாசலில் நின்றார். "கேட்டுத்தான் பாப்பமே."

வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடம். அத்தை எனக்கு முன்னால் நின்றார். அதிகாரி அட்டையைப் பார்த்தார், பெயரை உரக்கப் படித்தார், பட்டியலில் கோடு போட்டார். அத்தை ஊதா விரலை நீட்டினார்.

"இடது கை, மக்சிக்," என்றார் அதிகாரி மலாயில், அவரும் அத்தை என்றே அழைத்து.

அத்தை அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் சுத்தமான இடது விரலைப் பார்த்தார்.

"அந்தக் கையில என்ன?" என்றார் அதிகாரி.

"ஊபாட் ஆயாம், டுவான்," என்றார் அத்தை. கோழி மருந்து, ஐயா.

அதிகாரி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இடது விரலில் மை வைத்து வாக்குச்சீட்டைக் கொடுத்தார். ஆறு இளசுகளும் அப்படியே போனார்கள்.

பிறகு நான். என் இரண்டு விரலும் ஊதா.

"ஏற்கெனவே போட்டாச்சா?"

குடியுரிமைக் கல்வியின் அவசியத்திலிருந்து தொடங்கி, நான் படித்த மலாய் முழுவதையும் அவர்முன் கொட்டினேன். ரொட்டி சானாய் வென்ற இடம் வரும்போது அவர் கையை உயர்த்தினார். இடது விரலில் கறை இருந்தால் சீட்டுக் கிடையாது, அதுதான் விதி என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, மிக மரியாதையாகவே சொன்னார்.

ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்த அத்தை நேராக அவரிடம் போனார். முந்தின நாள் பயந்தவர் இவர்தானா என்று எனக்கே சந்தேகம். "டுவான், நல்ல பையன். என் தம்பி மகன். நான் பொறுப்பு. கொஞ்சம் கூடுதலா படிச்சிட்டான், அவ்வளவுதான்."

ஒரு வருடம்கூட ஆகாத குடிமகள், பிறவிக் குடிமகனுக்கு ஜாமீன் நின்றார். அப்படியும் விதி விதிதான். அந்தத் தேர்தலில் எங்கள் தோட்டத்தில் வந்து நின்று ஓட்டுப் போடாமல் திரும்பிய ஒரே ஆள், குடியுரிமைக் கல்வி ஆசிரியர்.

அன்று முதல் கல்யாண வீடுகளில் அத்தை என்னை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்: "எங்க வீட்டுல படிச்சவன் இவன் ஒருத்தன்தான். அன்னைக்கு ஓட்டு இல்லாமப் போனதும் இவன் ஒருத்தனுக்குத்தான்."

முகாம் இன்றும் நடக்கிறது. மை விவகாரம் முழுக்கக் கவினாவின் பொறுப்பு. ஒவ்வொரு முகாமுக்கு முன்பும் அத்தையிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்துவிடும்:

"தம்பி, ரெண்டு கையையும் பாக்கெட்டுல வச்சிக்கிட்டுப் பேசுலா."