அன்னாசிக்கு எண்ணெய் தடவிய கதை

பிறர் பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்படக் கூடாது என்று மகளுக்கு அடிக்கடி புத்தி சொல்பவன் நான். அதே வாயோடு, பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பார்த்து வயிறெரிந்தவனும் நான்தான். அதுவும் சொந்தத் தம்பி மகள்.

தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான வண்ணப் பென்சில் ஓவியப் போட்டி. மலாயில் ‘அன்னாசி ஊர்’ என்றே பெயர் கொண்ட பெக்கான் நானாஸில் இருந்துகொண்டு வேறு எதை வரைவது? என் ஒன்பது வயது மகள் யாழினி அன்னாசிப்பழம் வரைந்தாள். மூன்று வாரம். ஒவ்வொரு கண்ணுக்கும் முதலில் மஞ்சள், அதன்மேல் ஆரஞ்சு, ஓரத்தில் பச்சை என்று அழுத்தாமல் அடுக்கினாள். (நானாக இருந்தால் அரை மணி நேரத்தில் தேய்த்து முடித்திருப்பேன்.)

ஓவியத்தைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள், ஜோகூர் பாருவிலிருந்து தம்பி, அதே போட்டிக்குத் தன் மகள் வரைந்த கிளியை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கிளி பளபளத்தது. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு போன் செய்தேன்.

“எப்படிடா இப்படி மின்னுது?”

“அது ஒன்னுமில்லண்ணே. மேல லேசா ஆயில் தடவுனா பென்சில் கோடெல்லாம் கலந்துரும் லா.”

என்ன ஆயில் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாதென்று அவனுக்குத் தெரிந்துவிடுமே. “தெரியும், தெரியும்” என்று வைத்துவிட்டேன்.

யாழினி டியூஷனுக்குப் போயிருந்தாள். சமையலறையில் நல்லெண்ணெய் இருந்தது. தோசைக்கல்லுக்குத் தடவுவதுபோல் தாராளமாகத் தடவினேன். இரண்டு நிமிடம் அன்னாசி ஜொலித்தது. கிளி ஒழிந்தது என்று நினைத்தேன். அதற்குள் எண்ணெய் தாள் முழுக்கப் படர்ந்து, மேசையின் மரக்கோடுகள் பழத்துக்குள் தெரிந்தன.

எண்ணெயை உறிஞ்சட்டும் என்று பத்திரிகையை மேலே விரித்து அயர்ன் பாக்ஸால் தேய்த்தேன். வண்ணப் பென்சிலில் மெழுகு இருக்கும் என்பதை அன்றுதான் கற்றேன். உரித்துப் பார்த்தால் பாதி அன்னாசி, கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தில் யாரோ ஒரு பெரியவரின் முகத்தில் காய்த்திருந்தது.

யாழினி வந்து பார்த்தாள். அழவில்லை.

“யாருப்பா இப்படிச் செய்யச் சொன்னா?”

“கிளிய ஜெயிக்கணும்ல மா.”

“அக்கா படிநிலை ரெண்டு, பெரிய பிள்ளைங்க பிரிவு. நான் படிநிலை ஒன்னு. எங்களுக்குள்ள போட்டியே இல்லப்பா.”

மறுநாள் அவள் வெறுங்கையோடு பள்ளிக்குப் போனாள்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும்போது தோசை கல்லில் ஒட்டினால் தம்பி விடுவதில்லை. “அண்ணி, கரண்டிய அண்ணன்கிட்ட குடுங்க. எண்ணெய் தடவுறதுல கெட்டிக்காரரு.” எல்லாரும் சிரிப்பார்கள். யாழினியும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே, வரைந்துகொண்டிருக்கும் தாளை என் கைக்கு எட்டாத பக்கமாக நகர்த்திக்கொள்வாள்.