முகப்புதான் சார் முக்கியம்

"வரிசையாப் பன்னெண்டு தொட்டி வச்சேன். பன்னெண்டுலயும் மண்ணுதான் கெடக்கு! பூ எங்கடி?"

வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார் சுந்தரராஜ். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. நாயுடுபுரமே பனியில் போர்த்திப் படுத்திருந்தது. அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்தது.

பரமேஸ்வரி காபித் தம்ளரோடு வெளியே வந்தாள். மொட்டையாக நின்ற தொட்டிகளைப் பார்த்தாள். வளைந்து கிடந்த கேட் கொக்கியைப் பார்த்தாள். வாசல் நடுவே கிடந்த சாணியையும் பார்த்தாள். அந்த அளவுக்குப் போட எந்த வீட்டு மாட்டாலும் முடியாது.

"காட்டுமாடு வந்துட்டுப் போயிருக்கும் போலங்க" என்றாள்.

"இருபத்தெட்டு வருசமா இந்த வீட்டுல குடியிருக்கோம். தெருமுக்கு வரைக்கும் வரும், அப்படியே திரும்பிப் போயிரும். என்னைக்காவது நம்ம வாசல்ல கால் வச்சிருக்கா? நான் டேலியா வாங்கி வச்ச அன்னைக்குத்தான் அதுக்கு வழி தெரிஞ்சுச்சாக்கும்?"

"கண்ணு பட்டுருச்சுங்க. நேத்து சாயந்திரம் உப்பு சுத்திப் போட்டேன்ல, அது பத்தல. இன்னைக்குக் கூட ரெண்டு கை போடுறேன். நீங்க காபியக் குடிங்க."

சுந்தரராஜ் காபியைக் குடித்தார். வேறென்ன செய்வது?

அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் இரண்டும் அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. கொடைக்கானல் மேடும் படியும் குளிரும் போதும் போதும் என்றாகிவிட்டது. திண்டுக்கல்லில், மகள் துர்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, லிஃப்ட் வைத்த ஃபிளாட் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். இந்த வீட்டை விற்றால் அதை வாங்கலாம். மாதக் கடைசி வரை பொறுப்பதாக ஃபிளாட்காரர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் ஒரு நாளும் முடியாதாம்.

பரமேஸ்வரிதான் மூன்று வருடமாக முட்டுக்கட்டை. "அந்த வெயில்ல போயி என்னால வேக முடியாது. நான் இங்கனயேதான் இருப்பேன்" என்று ஒரே பிடி. சுந்தரராஜும் காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம், சாப்பாட்டுக்குப் பின் ஒரு தரம் என்று பேசிப் பார்த்தார். போன மாதம் ஒருநாள் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தவள், கூடையை இறக்கி வைத்துவிட்டு, "சரிங்க, வித்துருவோம்" என்றாள். மூன்று வருடம் பேசியே கரைத்துவிட்டோம் என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. துர்காவுக்குப் போன் போட்டு இருபது நிமிடம் அளந்தார்.

அப்புறம்தான் வீட்டு புரோக்கர் ராஜ்மோகன் வந்தான். தெருவில் நின்று வீட்டை ஏற இறங்கப் பார்த்தான். பாசி பிடித்த கல் சுவர், துருப்பிடித்த தகரக் கூரை, என்ன நிறம் என்று யாருக்கும் ஞாபகம் இல்லாத கதவு.

"உள்ள அரண்மனையாவே இருக்கட்டும் சார். வெளிய இருந்து பாத்தா குடோன் மாதிரில்ல இருக்கு? வாங்க வர்றவங்க கார விட்டு எறங்குற அந்த ஒரு நிமிசத்துல முடிவு பண்ணிருவாங்க. முகப்புதான் சார் முக்கியம். வர்ற ஞாயித்துக்கெழம பத்து மணிக்குத் திருப்பூர் பார்ட்டி வருது. இதை விட்டா இந்த சீசன்ல வேற ஆளு கெடையாது. வெரசா எதையாவது பண்ணுங்க."

எதையாவது பண்ணத் தொடங்கியதில் முதல் பலிதான் அந்தப் பன்னிரண்டு டேலியா.

"ஏங்க, முன்னால ஒரு வேலி போட்டுட்டா வராதுல்ல?" என்றாள் பரமேஸ்வரி. "மூங்கில்ல சின்னதா வேலி போட்டு வெள்ளை அடிச்சு விட்டா, காலண்டர்ல வர்ற வீடு மாதிரி அம்சமா இருக்கும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. புதன்கிழமை முழுக்க ஆள் வைத்து வேலி போட்டார். வெள்ளையும் அடித்தார். சாயந்திரம் பரமேஸ்வரி கல் உப்பை இரண்டு கையிலும் அள்ளி, வீட்டை மூன்று முறை சுற்றி வந்து, கேட்டை ஒட்டிப் போட்டுவிட்டு மறக்காமல் விளக்கும் ஏற்றினாள்.

வியாழக்கிழமை வெள்ளெனவே எழுந்து ஜன்னலோரம் காவல் இருந்தார் சுந்தரராஜ். சரியாக ஆறு நாற்பதுக்கு அது வந்தது. அம்மாடி, என்ன உருப்படி! மினி பஸ்ஸுக்குக் கொம்பு முளைத்த மாதிரி இருந்தது. கேட்டருகே தலையைக் குனிந்து தரையை மோந்துகொண்டு ரொம்ப நேரம் நின்றது. பிறகு நிமிர்ந்து, புது வேலியில் முதுகைச் சாய்த்துச் சொறிந்தது. வேலி ஒரு முனகலோடு படுத்தது. மறு பக்கமும் சொறிய வேண்டியிருந்ததால் மிச்ச வேலியும் படுத்தது.

"சூ! போ! ஏலே போ!" என்று ஜன்னலுக்கு உள்ளிருந்தபடியே விரட்டினார்.

காட்டுமாடு நிமிர்ந்து அவரைப் பார்த்தது. சுந்தரராஜ் ஜன்னலைச் சாத்தினார்.

"ஆறு நாப்பதுக்கு வந்துச்சுடி. ஏழு இருவதுக்குப் போச்சு" என்று பல்லைக் கடித்தார். "டிப்போல முப்பது வருசம் உக்காந்திருந்தேன். ஒரு டிரைவராவது இப்படி டயத்துக்கு வந்திருப்பானா?"

"பாவங்க நீங்க" என்றாள் பரமேஸ்வரி. "பூவும் வேணாம், வேலியும் வேணாம். சுவத்துக்கு நல்ல பளிச்சுனு பெயிண்ட் அடிங்க. பெயிண்டையா அது தின்னப் போகுது?"

அவளே பெயிண்ட் கலர் அட்டையைப் பார்த்து நிறமும் எடுத்துக் கொடுத்தாள். மாம்பழ மஞ்சள்.

வெள்ளிக்கிழமை பெயிண்டர் சேனாதிபதி வந்தான். பாசியைச் சுரண்டி, காரை பூசி, முன் சுவர் முழுக்க மஞ்சளாக்கிவிட்டு, பொழுது சாய இறங்கினான்.

"இந்தப் பனில வெரசாக் காயாது சார். நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் சுவத்துல யாரும் சாயாமப் பாத்துக்கங்க."

"யாருய்யா சாயப் போறா?" என்றார் சுந்தரராஜ்.

சனிக்கிழமை, ஆறு நாற்பதுக்கு, அது சாய்ந்தது.

முதலில் வழக்கம்போலக் கேட்டருகே தரையை மோந்தது. பிறகு நிதானமாகச் சுவரோரம் வந்து, இடது விலாவை முழுக்கக் கொடுத்து, முன்னும் பின்னுமாகத் தேய்த்தது. போகும்போது அதன் ஒரு பாதி கறுப்பாகவும் மறு பாதி மாம்பழ மஞ்சளாகவும் இருந்தது. சுவரில் காட்டுமாடு அளவுக்கு ஒரு பெரிய மொட்டை. அதைச் சுற்றிலும் முடி வேறு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பது மணிக்குத் துர்காவிடமிருந்து போன்.

"அப்பா, வாட்ஸப்புல ஒரு வீடியோ சுத்துது. கொடைக்கானல்ல மஞ்சக் கலர்ல அதிசயக் காட்டுமாடாம். பின்னால தெரியுறது நம்ம தெரு மாதிரி இருக்கேப்பா?"

"வையிடி போன!" என்றார்.

சேனாதிபதியை மறுபடி கூப்பிட்டு, முடியைப் பிய்த்துவிட்டுச் சுவரைப் பூசச் சொன்னார். அவன் பூசப் பூச, இவர் முற்றத்தில் கூண்டுக்குள் அடைபட்ட மாதிரி நடந்தார். நாளைக்குப் பத்து மணிக்குத் திருப்பூர் பார்ட்டி. லிஃப்ட் வைத்த அந்த ஃபிளாட் கண் முன்னாலேயே மேலே போய்க்கொண்டிருந்தது, இவரை ஏற்றிக்கொள்ளாமல். யார் கண்ணாக இருக்கும்? எதிர்வீட்டுக்காரனா? பால்காரனா? எந்தப் பாவி கண்ணாக இருந்தாலும் இந்தப் பாடா படுத்தும்?

ஒரு முடிவுக்கு வந்தார். கடைக்குப் போனார். ஆட்டோவில் ஒரு மூட்டை கல் உப்போடு திரும்பி வந்தார்.

பரமேஸ்வரியின் முகம் வெளுத்தது. "ஏங்க, ஒரு மூட்டையா? அவ்வளவு வேணாங்க. ரெண்டு கை போதும்."

"நீ சும்மா இரு. நீ கையில அளந்து அளந்து போட்டதாலதான் இந்தக் கதி. படுற கண்ணு அப்படி!"

"சொன்னாக் கேளுங்க. அது... அது ரொம்ப ஜாஸ்திங்க. ஆபத்து."

"உப்புல என்னடி ஆபத்து?"

சேனாதிபதி மூட்டையைத் தோளில் சுமக்க, சுந்தரராஜ் அள்ளி அள்ளி வீட்டைச் சுற்றினார். முழங்கால் வலியோடு மூன்று சுற்று. கேட்டுக்கு வெளியே, கேட்டுக்கு உள்ளே, சுவரடியில், படியில் என்று ஒரு மூட்டையையும் தீர்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு நாற்பதுக்கு அது வந்தது. பின்னால் இன்னொன்று வந்தது. அதன் பின்னால் கன்றுக்குட்டியோடு ஒன்று. மொத்தம் ஏழு உருப்படி. ஏழு இருபதுக்குக் கிளம்பவில்லை. எட்டுக்கும் கிளம்பவில்லை. ஒன்பதரைக்குக் கன்றுக்குட்டி படியில் படுத்துத் தூங்கியது.

பத்துக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. முன்னால் பைக்கில் வந்த ராஜ்மோகன் தெருமுனையிலேயே பைக்கைப் போட்டுவிட்டு மரத்துக்குப் பின்னால் போய் நின்றான். காரிலிருந்து திருப்பூர்க்காரரின் மனைவி கறுப்புக் கண்ணாடியோடு ஒரு காலை வெளியே வைத்தார். எதிரே பாதி மஞ்சளாக நின்ற காட்டுமாடு ஒரு பெருமூச்சு விட்டது. வைத்த கால் உள்ளே போனது.

"சார், பயப்படாதீங்க!" என்று மரத்துக்குப் பின்னாலிருந்து கூவினான் ராஜ்மோகன். "இதெல்லாம் நேச்சர் சார்! ஊட்டில காசு குடுத்தாக்கூடக் கெடைக்காது!"

கார் பின்னோக்கியே போனது. திரும்பக்கூட இல்லை. வந்த வேகத்தைவிடப் போன வேகம் அதிகம்.

சுந்தரராஜ் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டார். "போச்சு. ஃபிளாட்டும் போச்சு. எல்லாம் போச்சு. பூ வச்சது தப்பா? பெயிண்ட் அடிச்சது தப்பா? ஊருல எவனும் செய்யாததையா நான் செஞ்சுட்டேன்?"

பரமேஸ்வரி அவர் தோளைத் தட்டிக் கொடுத்தாள். "விடுங்க. இந்த வீடு நம்மள விட மாட்டேங்குது. நமக்குக் குடுத்து வச்சது அம்புட்டுத்தான்."

பதினொரு மணிக்கு வனத்துறை வாட்சர் சங்கிலி வந்தான். கையில் கம்பு, போனில் அந்த வீடியோ. வாயால் ஏதோ சத்தம் கொடுத்தான். கம்பால் தரையைத் தட்டினான். ஏழும் எழுந்து சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைகளாகச் சோலைப் பக்கம் நடந்தன. சுந்தரராஜ் கதவைத் திறந்து வெளியே வந்தார். பின்னாலேயே பரமேஸ்வரியும் வந்தாள்.

"சார், மாட்டுக்கு யாரு பெயிண்ட் அடிச்சது? ரேஞ்சர் ஐயா கேக்கச் சொன்னாரு."

"நான் சுவத்துக்குத்தான்யா அடிச்சேன்! மாடு தானா அடிச்சுக்கிட்டுப் போச்சு!"

சங்கிலி மஞ்சள் சுவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினான். "சரி விடுங்க, ஒரு மழைக்குப் போயிரும். எழுதி மட்டும் குடுத்துருங்க." கேட்டருகே குனிந்தவன், மண்ணை விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். முகம் மாறியது. "என்ன சார் இது, இம்புட்டு உப்பு?"

"கண்ணு கழியிறதுக்குச் சுத்திப் போட்டது. ஆறு நாளாப் போடுறோம். அதுக்கு என்ன இப்போ?"

"நல்லா இருக்கு போங்க! காட்டுமாட்டுக்கு உப்புன்னா உசுரு சார். ஒரு தடவை ருசி கண்டுட்டா விடாது. நீங்களே வெத்தல பாக்கு வச்சு அழைச்சுட்டு, வருது வருதுன்னா?"

"அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று பரமேஸ்வரி அவசரமாக உள்ளே போனாள்.

சுந்தரராஜ் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். "பஸ்ஸு டயத்தைத் தவிர எனக்கு என்னய்யா தெரியும்? அது உப்புக்கு வரும்னு இந்த வீட்டுல யாருக்குய்யா தெரியும்?"

"அம்மாவுக்குத் தெரியுமே சார்" என்றான் சங்கிலி. "போன மாசம் மார்க்கெட்டுல வச்சு எங்கிட்டதான் கேட்டாக, 'ஏப்பா, காட்டுமாட்ட வீட்டு வாசலுக்கு வரவைக்க என்ன செய்யணும்'னு."