கத்ரா அங்கிளின் சுற்றறிக்கை

ஒரு ஜோக்கைச் சொன்னால் உலகத்தில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வார்கள். ஜோக்கைக் கேட்டதும் குப்பென்று வியர்த்துப்போகிற மனிதர் பூமியில் ஒருவர்தான். அவர் டெல்லியில் இருந்தார். அவரோடு ஐந்து மாதம் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். ஆபீஸில் சம்பளம் போடுகிறவரைத் தவிர யாருக்கும் அது தெரியாது. வருகைப் பதிவில் ஒரு புள்ளி வைத்துவிட்டு வந்து உட்காருவார். நிகழ்ச்சியின் முடிவில் ஓடுகிற பட்டியலில் தன் பெயர் வரவே கூடாது என்பதுதான் வேலைக்குச் சேரும்போது அவர் போட்ட ஒரே நிபந்தனை. எல்லோரும் அவரை 'கத்ரா அங்கிள்' என்றார்கள். கத்ரா என்றால் இந்தியில் அபாயம். நான் மட்டும் ஊர்ப் பாசத்தில் 'சார்' என்பேன்.

வெளிநாட்டில் ஒரு நிகழ்ச்சி வாராவாரம் ஓகோவென்று ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் குட்டிக் குட்டி நாடகங்கள், எதிரே ஜனங்கள், எல்லாம் நேரலை. நடிகர் வாயிலிருந்து விழுந்த வார்த்தையை யாரும் வெட்ட முடியாது. அதை இந்தியாவுக்கு ஏற்றமாதிரி இந்தியில் செய்ய எங்கள் நொய்டா கம்பெனி உரிமை வாங்கியது. அந்த ஊர்க்காரன் எதற்குச் சிரிக்கிறான் என்று கண்டுபிடித்து, அதை நம்மூர்க்காரன் சிரிக்கிற மாதிரி மாற்றித் தருவது எழுத்தாளர்கள் ஆறு பேரின் வேலை. அதில் நான் ஒருவன். சென்னையில் நிம்மதியான வேலையை விட்டுவிட்டு, ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவியைக் கூட்டிக்கொண்டு இதை நம்பி வந்திருந்தேன். முதல் நிகழ்ச்சி சரியாகப் போகவில்லை என்றால் உரிமையைத் திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரி தினமும் காலையில் எனக்கு முன்னால் எழுந்துவிடும்.

எங்கள் தலைமைத் தயாரிப்பாளர் ஒரு பஞ்சாபி அம்மாள், எதற்கும் அஞ்சாதவர். அவரே நேரலை என்றதும் நடுங்கிப்போனார். எந்த ஜோக்குக்கு யார் மனம் புண்படும், எங்கே வழக்கு வரும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். முப்பத்தைந்து வருஷம் ஏதோ ஓர் அமைச்சகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதியே ஓய்வு பெற்ற நம்மவர் வந்து சேர்ந்தார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். லக்ஷ்மிபாய் நகரில் மகளுடைய அரசாங்க குவார்ட்டர்ஸில் இருந்தார்.

அறைக்குள் வந்த முதல் நாளே நாற்காலியை வாசலுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஏன் சார் என்றேன்.

"பூகம்பம் வந்தா மொதல்ல வெளிய போவணும்லா. டெல்லி நாலாம் மண்டலம் பாத்துக்கிடும்."

அவர் வேலை செய்கிற முறையே தனி. ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு ஃபைல் போடுவார். இடது பக்கம் குறிப்பு, வலது பக்கம் ஸ்கிரிப்ட். கடைசித் தாளில் 'சிரித்தேன்' என்று ஒரு கட்டம். அதில் ஆறு எழுத்தாளர்களும் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு ஒருவன் 'அப்போதே எனக்குச் சிரிப்பு வரவில்லை' என்று கழன்றுகொள்ளக் கூடாதாம். அவர் மட்டும் அதில் கையெழுத்துப் போட்டதே இல்லை. சிரித்தால்தானே போடுவதற்கு.

நாடகங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. டாக்டர் நாடகத்தை எடுத்துப்போனால் டாக்டர்கள் சங்கம் என்றார். தெருநாய் நாடகம் என்றால், நாயைப் பிடிக்கிறவனும் வருவான், நாய்க்குச் சோறு போடுகிறவனும் வருவான், இருவரும் ஒரே நாளில் வருவார்கள் என்றார். சரி, யாரையும் தொடாமல் ஒரு பேய் நாடகம் எழுதுவோம் என்று ராப்பகலாக எழுதி நீட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீரு. இது எரிச்ச பேயா, பொதச்ச பேயா?"

"பேய் சார். வெறும் பேய்."

"அதெப்படிவே வெறும் பேயி? செத்தவனுக்கு ஒரு மதம் இருக்கும்லா?"

பேயும் போயிற்று.

பயம் தொற்று வியாதி. இரண்டாம் மாதத்தில் எனக்கும் வந்துவிட்டது. காய்கறி வண்டிக்காரரிடம், "அண்ணா, கத்திரிக்காய் சொத்தையாக இருக்கிறதே" என்று சொல்ல வாயெடுத்து, விவசாயிகள் மனம் புண்படுமோ என்று சொத்தையையே வாங்கி வந்தேன். மனைவி ஒரு கத்திரிக்காயைப் பிளந்து, உள்ளே இருந்த புழுவை எனக்குக் காட்டி, இதன் மனமும் புண்பட்டுவிடப் போகிறது, மெதுவாகப் பேசுங்கள் என்றாள். 

முதல் நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது கணக்கெடுத்தால், தேறிய நாடகங்கள் மூன்று. அதிலும் ஆரம்ப நாடகம் இல்லை. அந்த வெளிநாட்டு நிகழ்ச்சி எப்போதும் அந்நாட்டுத் தலைவரைக் கிண்டல் செய்துதான் தொடங்குமாம். இதைச் சொன்னதும் கத்ரா அங்கிள் நாற்காலியிலிருந்து அப்படியே கீழே வழுக்கினார். இரண்டு பேர் பிடித்துத் தூக்கித் தண்ணீர் கொடுத்தோம்.

தயாரிப்பாளர் அம்மாள் அன்று முதன்முறையாக அழுதார். உரிமைக்காரர்கள் சார்பில் ஒரு வெளிநாட்டு அம்மாள் நேரில் பார்க்க வருகிறார், ஆரம்பமே இல்லாமல் எதைக் காட்டுவது, கம்பெனியில் இருக்கிற பதினெட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்றார். கத்ரா அங்கிள் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, ஆளைக் கிண்டல் பண்ணினால்தானே ஆபத்து, பேப்பரைக் கிண்டல் பண்ணுவோமே என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். சுற்றறிக்கைக்குச் சாதி கிடையாது, மதம் கிடையாது, அதற்குச் சங்கமும் கிடையாது.

அவரே எழுதினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இல்லாத ஒரு 'சிரிப்பு ஒழுங்குமுறைத் துறை'யின் சுற்றறிக்கை. எண், பொருள், பார்வை, பத்தி ஒன்று, இரண்டு, மூன்று. அரங்கில் சிரிக்க விரும்புவோர் தங்கள் அடையாள அட்டையின் ஜெராக்ஸ் இரண்டில் தாங்களே கையொப்பமிட்டு, வரிசைக்கிரமமாக மேடையில் உள்ள கவுண்ட்டரில் சமர்ப்பித்து முன் அனுமதி பெற வேண்டும். அனுமதியின்றிச் சிரிப்பவர்களே பின்விளைவுகளுக்குப் பொறுப்பு. இது உடனடியாக அமலுக்கு வருகிறது. நாங்கள் ஆறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஆறு கையெழுத்தும் அந்த நிமிஷமே விழுந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. எல்லா அம்சங்களிலும் சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அது அவ்வளவு சரியாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

லோதி ரோடு பக்கம் ஓர் அரங்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். சனிக்கிழமை மாலை ஆறரை மணி. யாரென்றே தெரியாத கூட்டத்தை உள்ளே விடக் கூடாது என்று இலவச பாஸ் எல்லாவற்றையும் கத்ரா அங்கிளே வாங்கிக்கொண்டு போயிருந்தார். தெரிந்தவன் வழக்குப் போட மாட்டான் என்பது அவருடைய சித்தாந்தம். அவருக்குத் தெரிந்தவர்கள் யார்? லக்ஷ்மிபாய் நகரிலும் லோதி ரோட்டிலும் குவார்ட்டர்ஸில் இருக்கிற அரசாங்க ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள், அவர்களுடைய மனைவிமார்கள். அரங்கம் நிறைந்து வழிந்தது. நடிகர் சாம்பல் நிற சஃபாரி சூட்டில் வந்து, தொண்டையைக் கனைத்து, சுற்றறிக்கையை நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு புன்னகைகூட இல்லை. நான் ஓரமாக நின்றிருந்தேன். பக்கத்தில் தயாரிப்பாளர் அம்மாள், அவருக்குப் பக்கத்தில் அந்த வெளிநாட்டு அம்மாள். நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அப்போது முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். மடியிலிருந்த ரெக்சின் பையைத் திறந்தார். அதிலிருந்து ஆதார் ஜெராக்ஸ் இரண்டை எடுத்து, பேனாவைத் திறந்து கையொப்பமிட்டு, மேடைப் படியில் ஏறிக் கவுண்ட்டர் முன்னால் நின்றார்.

அவருக்குப் பின்னால் அவர் மனைவி. அப்புறம் அந்த வரிசை முழுக்க. அரசாங்க ஊழியன் ஜெராக்ஸ் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்புவானா? இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை என்று எழுந்துவிட்டார்கள். ஜெராக்ஸ் தீர்ந்துபோன ஒருவர், பக்கத்தில் கடை எங்கே என்று கேமராக்காரரை விசாரித்தார். நான்தான் முதலில் வந்தேன் என்று நடுவில் ஒரு சண்டை. நடிகர் வசனத்தை மறந்துபோய், வாங்கிய தாள்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார். அந்தக் குடும்பத்தினர் இதைவிட வினோதமான உத்தரவுகளையெல்லாம் இதே நடையில் படித்து, இதேபோல நின்றிருக்கிறார்கள். எது ஜோக் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தயாரிப்பாளர் அம்மாள் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். போய் இது ஜோக் என்று சொல்லித் தொலை என்றார். நான் ஓரடி எடுத்து வைத்தேன். வாசல் பக்கம் நின்றிருந்த கத்ரா அங்கிள் என் கையைப் பிடித்தார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"தமாஷுன்னு சொல்லிராதயும். அந்த மனுசன் மூஞ்சிய பாரும். ஊரே பாக்குது, அவரு பேரப்பிள்ளைகளும் பாக்கும். அவரு என்னத்துக்குவே அசிங்கப்படணும்?"

"வேற என்ன சார் பண்றது?"

"நான்தானவே எழுதுனேன்."

சொல்லிவிட்டு மேடைக்கு நடந்தார். வெளிச்சத்துக்கு வந்ததும் கண் கூசி ஒரு நிமிஷம் திசை தெரியாமல் நின்றார். பிறகு மைக்கைப் பிடித்து, திருநெல்வேலி மணக்கும் இந்தியில் பேசினார். இந்தச் சுற்றறிக்கையைத் தயாரித்தவன் நான். இதில் பிழை இருக்கிறது. பிழை என்னுடையது, வரிசையில் நின்ற யாருடையதும் அல்ல. சுற்றறிக்கை ரத்து செய்யப்படுகிறது. எல்லோரும் இருக்கைக்குத் திரும்பலாம். முன் அனுமதியின்றியே சிரிக்கலாம்.

வரிசை மெல்லக் கலைய ஆரம்பித்தது. முன்வரிசைப் பெரியவர் மட்டும் நகரவில்லை. கொஞ்சம் யோசித்தார். பிறகு, மிகுந்த மரியாதையோடு, ரத்து செய்ததை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டார்.

வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு. யாரோ பின்வரிசையில் தொடங்கி அரங்கமே குலுங்கியது. வரிசையில் நின்றவர்கள் தங்கள் கையிலிருந்த ஜெராக்ஸைப் பார்த்துத் தாங்களே சிரித்தார்கள். கேட்ட பெரியவரும் ஒரு கணம் விழித்துவிட்டு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த அமளிக்கு நடுவில் கத்ரா அங்கிள் ஒரு தாளில் ரத்து உத்தரவை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெரியவர் அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வெளிநாட்டு அம்மாள் கண்ணைத் துடைத்தபடி, இதை எத்தனை நாள் ஒத்திகை பார்த்தீர்கள் என்று கேட்டார். தயாரிப்பாளர் அம்மாள் கூசாமல் ஒரு மாதம் என்றார். எங்கள் பதினெட்டுப் பேர் பிழைப்பும் அந்தச் சிரிப்பில் தப்பித்தது.

திங்கட்கிழமை கத்ரா அங்கிள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. போனும் அணைந்திருந்தது. இப்போது நான் உண்மையிலேயே பயந்துபோனேன். ஆட்டோ பிடித்து லக்ஷ்மிபாய் நகருக்கு ஓடினேன்.

கதவைத் திறந்தபடி வைத்து, வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ரத்த அழுத்த மாத்திரை, குரங்குக் குல்லா. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். முகத்தில் வியர்வை.

"நீராவே? போலீசுன்னுலா நெனச்சேன்."

சனிக்கிழமை ராத்திரியிலிருந்து அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறார் என்று மகள் உள்ளேயிருந்து சொன்னார். நேரலையில் சுற்றறிக்கையை ரத்து செய்த குற்றத்துக்குக் கைது செய்ய வருவார்களாம். வருகிறவர்களைக் காக்க வைக்கக் கூடாது என்று பையோடு தயாராக இருந்தாராம். எனக்குச் சிரிப்பு வந்தது, பையைப் பார்த்ததும் அது நின்றது. இவ்வளவு பயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டா இவர் அந்தப் படியில் ஏறினார்?

புகார் ஏதும் வந்ததா என்று மெதுவாகக் கேட்டார். ஒன்று வந்திருக்கிறது என்றேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். முன்வரிசைப் பெரியவர் எழுதியிருக்கிறார், ரத்து உத்தரவில் முத்திரை இல்லையாம் என்றேன்.

கத்ரா அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது நியாயமான புகார்தாம்வே" என்றார்.

கிளம்பும்போது பையின் அடியிலிருந்து சுற்றறிக்கை ஃபைலை எடுத்து, ஆபீஸில் சேர்த்துவிடச் சொன்னார். ஆட்டோவில் அதைப் புரட்டினேன். கடைசித் தாளில் 'சிரித்தேன்' என்ற கட்டத்தில் எங்கள் ஆறு கையெழுத்துக்குக் கீழே ஏழாவதாக ஒன்று இருந்தது. சனிக்கிழமைத் தேதி. புள்ளி இல்லை, இனிஷியலோடு முழுப்பெயர், நிறுத்தி நிதானமாக எழுதப்பட்டிருந்தது.

அந்த ஃபைலை நான் ஆபீஸில் சேர்க்கவில்லை. இப்போதும் என் மேஜையில்தான் இருக்கிறது. அவர் பெயரும் எனக்குத் தெரியும், அழகான பெயர். ஆனால் இங்கே எழுத மாட்டேன். பத்திரிகையில் பார்த்தால் மறுபடியும் பையை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார்.