நான்காம் பொத்தான்

எந்த வரைபடத்திலும் இல்லாத, ஆனால் வரி மட்டும் தவறாமல் வசூலாகிற நாடு ஒன்று இருந்தது. செங்கழி நாடு என்று பெயர். அங்கே ஆறு இருந்தது, தண்ணீர் இல்லை. பள்ளிக்கூடம் இருந்தது, வாத்தியார் இல்லை. தொலைக்காட்சி இருந்தது, ஒரே ஓர் அலைவரிசையும் இருந்தது. அதில் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு வரும் ‘கதம்ப நேரம்’ ஒன்றைத்தான் குடிமக்கள் யாரும் சொல்லாமலே பார்த்தார்கள்.

பழைய பஞ்சுக் கிடங்கில் மேடை போட்டு ஆரம்பித்த நிகழ்ச்சி அது. ஐந்து நிமிட நாடகம், நடுவில் ஒரு பாட்டு, கொஞ்சம் பலகுரல், மறுபடி நாடகம். சடையப்பன் என்கிற நடிகர் போட்ட அமைச்சர் வேடம் நாடறிந்தது. வெள்ளத்தைப் பார்வையிட வரும் அமைச்சர், செருப்பு நனையக் கூடாதென்று மக்களை வரிசையாகக் குப்புறப் படுக்கவைத்து முதுகு முதுகாக நடந்து வருவார். கடைசி முதுகில் நின்றுகொண்டு, “உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?” என்று கேட்பார்.

அந்த நாடகம் முதலில் அரங்கேறிய அன்று கூட்டத்தின் கடைசி பெஞ்சில் உப்பளத்துக் கூலி வெள்ளையம்மா உட்கார்ந்திருந்தாள், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு. முன்வரிசைப் பெரிய மனிதர்கள் சிரித்த பிறகு கடைசி பெஞ்சு சிரிப்பதுதான் அந்த நாட்டு வழக்கம். அன்று அவள் முந்திக்கொண்டாள். விக்கலும் இரைப்புமாக, அடுக்குப்பானை சரிந்த மாதிரி ஒரு சிரிப்பு. மற்றவர்கள் பிறகுதான் சேர்ந்துகொண்டார்கள். அத்தனையும் ஒலிநாடாவில் பதிவானது.

அமைச்சர்கள் மனம் புண்பட்டது. புண்ணை ஆற்ற நகைச்சுவைத் துறை என்று புதிதாக ஒரு துறை உண்டாக்கினார்கள். அதன் செயலர் திரிபுராந்தகம் முதல் ஆணையை வெளியிட்டார்: “அமைச்சர்களைப் போல் நடிக்கும் உரிமை இனி அமைச்சர்களுக்கு மட்டுமே உண்டு.” சடையப்பன் திரை இழுக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டார். அமைச்சர்கள் மேடையேறித் தங்களைப் போலவே நடித்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆகவே இரண்டாம் ஆணை. பார்வையாளர்கள் ஒழிக்கப்பட்டு, பழைய நாடாவில் இருந்த சிரிப்பு தேவையான இடங்களில் ஒலிபரப்பப்பட்டது. இப்படியே வருடங்கள் ஓடின. வெள்ளையம்மாவின் வயிற்றில் இருந்த பிள்ளை தவமணி வளர்ந்து, ஒலிப்பதிவுக் கலையில் பட்டம் வாங்கினாள். அவள் வம்சத்திலேயே பட்டம் பார்த்த முதல் ஆள். அரசு அவள் படிப்பை மதித்து, அதற்கேற்ற வேலை கொடுத்தது: சிரிப்புப் பொத்தானை அமுக்குவது.

நான்கு பொத்தான்கள். ஒன்று, புன்சிரிப்பு. இரண்டு, கைதட்டல். மூன்று, கூட்டச் சிரிப்பு. நான்காவதை முதல்முறை அமுக்கியபோது வந்த விக்கலும் இரைப்பும் யாருடையவை என்று தவமணிக்கு உடனே தெரிந்துவிட்டது. அது அவளுடைய அம்மா. எட்டு மணி நேரம் உப்பு வாரிவிட்டு வந்து, எதற்கும் சிரிக்காமல் கஞ்சி குடிக்கிற அம்மா, இங்கே கருவூல அமைச்சரின் கடி ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் சிரிப்பு கேட்டதே தவிர, பெட்டிக்கு எதிரே கேட்கவில்லை. இந்த முரண்பாடு நாட்டின் ஒற்றுமைக்கு ஊறு விளைவிப்பதாகத் திரிபுராந்தகம் கண்டறிந்தார். மூன்றாம் ஆணை பிறந்தது. பெட்டி சிரிக்கும்போது வீடும் சிரிக்க வேண்டும். சிரிக்காத வீட்டுக்கு ரேஷன் அரிசியில் பாதி வெட்டு. துக்க வீடுகளுக்கு விலக்கு உண்டு. விண்ணப்பத்தை மரணத்துக்கு ஏழு நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும்.

தெருத்தெருவாக ஜன்னலடியில் நின்று கேட்பதற்குக் கண்காணிப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். உப்பளத் தெருவுக்கு வந்தவர் கனகசபாபதி. ஒரு சனிக்கிழமை அவர் வெள்ளையம்மாவின் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

“ஏம்மா, பெட்டி அந்தச் சிரி சிரிக்கு. நீ என்ன, இழவு வீடு மாதிரி ஒக்காந்திருக்க?”

“காலெல்லாம் உப்பு அரிச்சிப் புண்ணாக் கெடக்குய்யா. ஒரு வாரம் போட்டும், சேத்துவச்சிச் சிரிக்கேன்.”

கனகசபாபதி கடமை தவறாதவர். எழுதிக்கொண்டு போனார். வெள்ளையம்மாவை மறுநாள் அழைத்துப் போனார்கள். விசாரித்தவர் திரிபுராந்தகம். நீதிபதியும் அவரே, சாட்சியும் அவரே. சான்றுப் பொருளாக நாடா ஒலிக்கவிடப்பட்டது.

“இது உன்னுடைய சிரிப்புதானே?”

“ஆமா சாமி. எஞ்சிரிப்புதான்.”

“அரசு கேட்காதபோது இவ்வளவு தாராளமாகச் சிரித்த நீ, அரசு கேட்கும்போது ஏன் பதுக்குகிறாய்?”

“அப்ப சிரிப்பு வந்துச்சி. இப்ப நீங்கள்லா வாறீங்க.”

தீர்ப்பு எழுதப்பட்டது. கதம்ப நேரத்தின் முப்பதாம் ஆண்டு விழாவில் நாட்டை ஆளும் மாமன்னரே நடிக்கிறார். அன்று குற்றவாளி முன்வரிசையில் அமர்ந்து நாடறியச் சிரிக்க வேண்டும். சிரித்தால் விடுதலை. தவறினால் ஐந்து வருடச் சிறை.

தவமணி சிறைக் கம்பிக்கு வெளியே நின்று கெஞ்சினாள். “எம்மா, நீ வாய மட்டும் தொற. சத்தத்த நான் பாத்துக்கிடுதேன். நாலாம் பொத்தானத் தட்டிவிட்டுட்டா ஒருத்தனுக்கும் தெரியாது.”

“ஏட்டி, ஒன்னப் படிக்க வச்சது எஞ்சிரிப்ப எனக்கே கடங்குடுக்கவா?”

“வீம்பு புடிக்காத. அஞ்சு வருசம்மா! ஒன் ஒடம்பு தாங்காது.”

வெள்ளையம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

விழா நாள். பல வருடங்களுக்குப் பிறகு மக்களை உள்ளே விட்டிருந்தார்கள். மாமன்னர் ஏற்ற வேடம், உப்பளத் தொழிலாளி. பட்டுத் துணியில் பார்த்துப் பார்த்துக் கிழித்த கந்தல். தலையில் கூடை. எளிமை தத்ரூபமாக இருக்க வேண்டுமென்று அதில் நிஜ உப்பையே கொட்டிவைத்திருந்தார் திரிபுராந்தகம்.

“ஆகா, உழைப்பே இன்பம்!” என்றார் மாமன்னர். கண்ணாடி அறைக்குள் தவமணியின் விரல் நான்காம் பொத்தான்மேல் காத்திருந்தது. அம்மா வாயைத் திறக்கவில்லை. உதடு இறுகி இருந்தது. திரிபுராந்தகம் சைகை காட்டினார். ‘தொறம்மா, தொற’ என்று தவமணி கண்ணாடிக்குள்ளேயே முனகினாள்.

மாமன்னர் கூடையில் கையை விட்டு உப்பை அள்ளி வானத்துக்குக் காட்டினார். பிறகு உழைப்பாளி என்றால் வியர்வை துடைக்க வேண்டுமே என்று, அதே கையால் நெற்றியை வழித்துக் கண்ணைக் கசக்கினார்.

உப்பளத்தில் பிறந்த மூன்று வயசுப் பிள்ளைகூடச் செய்யாத காரியம் அது.

“கண்! கண்! அமைச்சரே, என் கண்!” மாமன்னர் ஒற்றைக் காலில் குதித்தார். மறு கையால் மறு கண்ணையும் கசக்கினார். அந்தக் கையிலும் உப்பு. அமைச்சர்கள் நடிப்பென்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வெள்ளையம்மாவுக்கு ஒரு விக்கல் வந்தது. அவ்வளவுதான், அடுக்குப்பானை சரிந்தது. அவளுக்குப் பின்னால் கிடங்கு முழுக்கச் சரிந்தது. திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சடையப்பன் சிரித்தார். தவமணி பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டுச் சிரித்தாள், கன்னமெல்லாம் கண்ணீரோடு. சிரிப்பது சட்டப்படி கடமை என்பதால் யாரையும் கைது செய்ய வழியில்லை. வெள்ளையம்மா அன்றே வீட்டுக்கு வந்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமன்னர் கண்ணைக் கழுவிவிட்டுக் கேட்டார்: “எவ்வளவு நேரம் சிரித்தார்கள்?”

“பதினொரு நிமிடம், மாமன்னா. செங்கழி வரலாற்றில் எவருக்கும் கிட்டாத ஆதரவு,” என்றார் திரிபுராந்தகம்.

அடுத்த மாதம் நடக்கவிருந்த தேர்தல், மக்கள் ஏற்கெனவே தீர்ப்பளித்துவிட்டதால் தேவையற்றது என அறிவிக்கப்பட்டது. சட்டமன்றம் கலைக்கப்பட்டு, ஆட்சி கதம்ப நேரத்துக்கு இடம்பெயர்ந்தது. இனி எல்லா ஆணைகளும் சனிக்கிழமை மேடையிலேயே வரும்.

முதல் வாரம் மாமன்னர் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே உப்புக்கு வரி போட்டார். வீடுகள் சிரித்தன, இந்த முறை நிஜமாகவே. இரண்டாம் வாரம் வாயில் தண்ணீரைக் கொப்பளித்தபடி ஆற்றை விற்றார். மறுநாள் டீக்கடைகளில் ஆளாளுக்குக் கொப்பளித்துக் காட்டி வயிறு வலிக்கச் சிரித்தார்கள். “என்னா கோமாளிடா இவன்!” என்றார்கள். சிரித்து முடித்துப் பார்த்தால் ஆறு இல்லை. மக்களே சிரித்துவிடுவதால் நாடா தேவைப்படவில்லை. தவமணிக்கும் வேலை போனது.

மூன்றாம் சனிக்கிழமை. வெள்ளையம்மா ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும் சத்தம். பார்த்தால், பழைய கண்காணிப்பாளர் கனகசபாபதி. இவர்கள் வீட்டுப் பெட்டியை எட்டிப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னய்யா, இன்னமும் வேவு பாக்க வாறீரா?” என்று தவமணி சீறினாள்.

“இல்ல தாயி. எங்க வேலையெல்லாம் இன்னைக்கோட காலி. இப்பத்தான் பெட்டியில மாமன்னரு சொன்னாரு.” அவரால் பேச முடியவில்லை, மறுபடி குலுங்கினார். “ஆனா சொன்ன வெதம் இருக்கே, நீ பாக்கலயா? அப்பிடியே நொண்டிக்கிட்டே... அடேயப்பா!”

“அன்னைக்கு உப்பு அவங் கண்ணுல விழுந்துச்சி, சிரிச்சோம்,” என்றாள் வெள்ளையம்மா. “இப்ப நம்ம கண்ணுல அள்ளிப் போடுதான். இதுக்கும் நாமதான் சிரிக்கணுமாக்கும்?”

கனகசபாபதி அதையும் ஒரு வேடிக்கைப் பேச்சென்று நினைத்துச் சிரித்தார்.

வெள்ளையம்மா எழுந்துபோய்ப் பெட்டியை அணைத்தாள். சிரிப்பு நிற்கவில்லை. அது அடுத்த வீட்டிலிருந்தும் எதிர்வீட்டிலிருந்தும் வந்துகொண்டிருந்தது.